காலேஜை விட்டு நிக்கப் போறீங்களா? முதல்ல லெட்டர், அப்புறம்தான் பெட்டி கட்டணும்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு ப்ரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ், கவுன்சிலிங் அப்ளிகேஷன், ஸ்காலர்ஷிப் ரெனிவல்னு வருஷம் பூரா காலேஜ் புள்ளைங்க கூடதான் பொழுது போகுது. ஒவ்வொரு வருஷமும் தீபாவளி முடிஞ்சு ஒரு பத்து நாள் கழிச்சு ஒண்ணு ரெண்டு பேர் வருவாங்க, "அக்கா, அந்தக் காலேஜ் ஒத்து வரல, நின்னுட்டேன், அடுத்த வருஷம் வேற எடத்துல சேரணும், என்னென்ன பேப்பர் வேணும்"னு கேப்பாங்க. நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி, "லெட்டர் குடுத்தியாப்பா?" முக்கால்வாசிப் பேர்கிட்ட பதில் ஒண்ணுதான், "இல்லக்கா, போறத நிறுத்திட்டேன்."

காலேஜுக்குப் போறத நிறுத்துறது வேற, டிஸ்கன்டின்யூ பண்றது வேற. இது புரியாமத்தான் நெறைய வீட்டுல காசு போகுது. நீங்க ரூம்ல படுத்துக்கிட்டு மனசுக்குள்ள முடிவு எடுத்த தேதிக்கு ஆபீஸ்ல மதிப்பே கிடையாது, நீங்க எழுதிக் குடுத்த தேதிக்குத்தான் மதிப்பு. ரீஃபண்ட், ஹாஸ்டல் கணக்கு, பேங்க் லோன் எல்லாமே அந்தத் தேதிய வச்சுத்தான் ஓடுது.

எங்க சித்தி பையன் கதையச் சொல்றேன். 2023ல பக்கத்து மாவட்டத்துல ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி. சேர்ந்தான், வருஷத்துக்கு 42,000 பீஸ், ஹாஸ்டல் தனி. ஆயுத பூஜை லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகல. வயித்து வலின்னான், அப்புறம் காய்ச்சல்னான், சித்தியும் சரி ரெண்டு நாள் போகட்டும்னு விட்டுட்டாங்க. அந்த வருஷத்துக்கு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) என்ன சொல்லியிருந்துச்சுன்னா, செப்டம்பர் 30க்குள்ள அட்மிஷன கேன்சல் பண்ணா முழுப் பணமும் தரணும், அக்டோபர் 31 வரைக்கும் பண்ணா அதிகபட்சம் 1,000 ரூபா பிடிச்சுக்கிட்டு மீதியத் தரணும். ஆயுத பூஜை அக்டோபர் 23. இன்னும் எட்டு நாள் கையில இருந்துச்சு. ஒரு வெள்ளைத் தாள்ல நாலு வரி எழுதிக் குடுத்திருந்தா 41,000 திரும்பி வந்திருக்கும். விஷயம் என் காதுக்கு வந்தது டிசம்பர்ல, அப்பதான் லெட்டரே போச்சு. அதுக்குள்ள காலேஜ் சொல்லிடுச்சு, பீஸ் திரும்பாது, அது மட்டுமில்ல இன்னும் ரெண்டு வருஷ பீஸ் 84,000 கட்டினாத்தான் டிசியும் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டும் கைக்கு வரும்னு. சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவர், அன்னிக்கு எங்க கடை பெஞ்சுல உக்காந்தவர் ஒரு மணி நேரம் பேசவே இல்ல. அந்த 84,000த்த நாங்க கட்டல, கட்டவும் வேண்டியதில்ல, அத எப்படிச் சமாளிச்சோம்னு கீழ சொல்றேன். ஆனா அந்த 42,000 போனது போனதுதான்.

அதனால நிக்கறதா யோசன வந்த உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, உங்க கோர்ஸுக்கு இந்த வருஷம் ரீஃபண்ட் கடைசித் தேதி என்னன்னு பாக்குறது. யூஜிசி கொஞ்ச வருஷமா ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தனியா ஒரு சுற்றறிக்கை விடுது. 2024-25க்கும் அதே மாதிரிதான், செப்டம்பர் 30 வரைக்கும் முழுசா, அக்டோபர் 31 வரைக்கும் 1,000 ரூபா போக மீதி. நீங்க சேர்ந்த வருஷத்துக்கு என்ன தேதின்னு யூஜிசி வெப்சைட்ல நோட்டீஸ் பகுதியில போய் எடுத்து ஒரு பிரிண்ட் போட்டு வச்சுக்கோங்க. காலேஜ் ப்ராஸ்பெக்டஸ்ல "கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, அதப் பாத்துட்டு விட்டுடாதீங்க, யூஜிசிக்குக் கீழ வர்ற காலேஜ் அப்படி எழுதி வச்சதால அந்த விதி இல்லாமப் போயிடாது.

அந்த வருஷச் சுற்றறிக்கை உங்களுக்குப் பொருந்தலன்னா 2018 அக்டோபர்ல யூஜிசி போட்ட அறிவிப்பு இருக்கு. அதுல அட்மிஷன் கடைசித் தேதிய நடுவுல வச்சு கணக்குப் போடுவாங்க. ஒரு உதாரணத்துக்கு உங்க பீஸ் 60,000, காலேஜ் அறிவிச்ச அட்மிஷன் கடைசித் தேதி ஆகஸ்ட் 31ன்னு வச்சுக்கோங்க. பதினஞ்சு நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி, அதாவது ஆகஸ்ட் 16க்குள்ள எழுதிக் குடுத்தா முழுப் பீஸ், அதுல ப்ராசஸிங்னு அஞ்சு பர்சென்ட் வரைக்கும், அதுவும் 5,000க்கு மிகாம எடுத்துக்கலாம், அப்ப உங்களுக்கு 57,000 வரும். அதுக்கப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும்னா 90 பர்சென்ட், 54,000. செப்டம்பர் 15 வரைக்கும் 80 பர்சென்ட், 48,000. செப்டம்பர் 30 வரைக்கும் பாதி, 30,000. அக்டோபர் 1ம் தேதி போய் நின்னீங்கன்னா ஒண்ணும் கிடையாது. ஒரே ஒரு நாள் வித்தியாசத்துல 30,000 போகுது பாருங்க. லெட்டர் குடுத்த நாள்லேர்ந்து பதினஞ்சு நாளைக்குள்ள பணத்தத் தரணும்னும் அதே அறிவிப்புல இருக்கு. காஷன் டெபாசிட், அதாவது காப்புத் தொகை, இந்தக் கணக்குலயே வராது, நீங்க எப்ப நின்னாலும் அது முழுசா உங்க பணம்.

இன்ஜினியரிங், பாலிடெக்னிக் மாதிரி ஏஐசிடிஇக்கு (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) கீழ வர்றதுக்குக் கணக்கு கொஞ்சம் வேற. அட்மிஷன் முடியறதுக்குள்ள நின்னா 1,000 ரூபா வரைக்கும் பிடிச்சுக்கிட்டு மீதியத் தரணும். வகுப்பு ஆரம்பிச்ச பிறகு நின்னு, கடைசித் தேதிக்குள்ள உங்க சீட்டுல வேற ஒருத்தர் சேர்ந்துட்டா, நீங்க படிச்ச மாசத்துக்கு மட்டும் பீஸும் ஹாஸ்டல் வாடகையும் கழிச்சுட்டு மீதி வரணும். சீட் காலியாவே கிடந்துச்சுன்னா டெபாசிட்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் மட்டும்தான். ஆனா எந்தச் சூழ்நிலையிலயும் அடுத்தடுத்த வருஷத்து பீஸக் கேக்கக் கூடாதுன்னு ஏஐசிடிஇ கைப்புத்தகத்துலயே தெளிவா இருக்கு. இந்த வரிய ஞாபகத்துல வச்சுக்கோங்க, ரொம்ப உபயோகப்படும்.

இப்ப லெட்டர். இதுக்கு வக்கீலெல்லாம் வேண்டாம், கீழ இருக்குற மாதிரி எழுதினாப் போதும்.

"பெறுநர்: முதல்வர் அவர்கள். ஐயா, நான் பி.எஸ்சி. முதலாம் ஆண்டு மாணவன், சேர்க்கை எண் இது. சொந்தக் காரணங்களால் இன்றைய தேதி முதல் படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். விதிகளின்படி எனக்குத் திரும்பத் தர வேண்டிய கட்டணத்தையும் காப்புத் தொகையையும் கீழே உள்ள வங்கிக் கணக்கில் செலுத்தவும், என் அசல் சான்றிதழ்களையும் மாற்றுச் சான்றிதழையும் வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

தேதி, கையெழுத்து, அப்பா இல்லன்னா அம்மா கையெழுத்து, கீழ பேங்க் அக்கவுண்ட் நம்பர். அவ்ளோதான். "சொந்தக் காரணம்"னு போட்டாப் போதும், யாரையும் குத்தம் சொல்லி எழுத வேண்டாம், அதுக்குத் தனியா வேற எடம் இருக்கு. ஆனா உடம்புக்கு முடியாம நிக்கறீங்கன்னா மட்டும் அத லெட்டர்லயே எழுதி டாக்டர் சர்டிபிகேட்ட பின் பண்ணுங்க, ஏன்னு லோன் பத்திச் சொல்றப்ப வரும்.

லெட்டர ரெண்டு காப்பி எடுத்துக்கிட்டு ஆபீஸுக்குப் போங்க. அங்க ஒரு பெரிய நோட்டு இருக்கும், வர்ற தபாலெல்லாம் அதுல நம்பர் போட்டு ஏத்துவாங்க, பக்கத்துலயே ஊதா மை பேடும் ரப்பர் ஸ்டாம்ப்பும் இருக்கும். உங்க ரெண்டாவது காப்பியில அந்த சீலும், தேதியும், வாங்கினவர் இனிஷியலும் விழணும். "வச்சுட்டுப் போ தம்பி, சார் பாத்துக்குவார்"னு சொல்வாங்க, சரின்னு தலைய ஆட்டிட்டு வந்துடாதீங்க, "சார், காப்பியில சீல் மட்டும் போட்டுக் குடுங்க, வீட்டுல கேப்பாங்க"ன்னு மரியாதையா நின்னு கேளுங்க. போடவே மாட்டேன்னுட்டாங்கன்னா சண்ட போடாம வெளிய வந்து அன்னிக்கே காலேஜோட அஃபிஷியல் மெயிலுக்கு அந்த லெட்டர ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, கூடவே போஸ்ட் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. முன்னாடி ரிஜிஸ்டர் போஸ்ட்னு சொல்வோம், 2025ல அதையும் ஸ்பீட் போஸ்டோட சேர்த்துட்டாங்க, கவுண்டர்ல டெலிவரி ஆனதுக்கு ப்ரூஃப் வேணும்னு சொல்லிக் கேட்டு வாங்குங்க. ஹெச்ஓடிகிட்ட வாட்ஸ்அப்ல சொன்னேன், கிளாஸ் மிஸ்கிட்ட போன்ல சொன்னேன்ங்கறதெல்லாம் பின்னாடி நிக்காது.

அடுத்தது நோ டியூஸ் ஃபார்ம், அதாவது எங்கயும் பாக்கி இல்லன்னு காட்டுற படிவம். லைப்ரரி, லேப், ஹாஸ்டல், பஸ், அக்கவுண்ட்ஸ்னு ஒவ்வொரு எடமா கையெழுத்து வாங்கணும், ஒரு நாள் முழுசா ஆகும், காலையிலயே போயிடுங்க. கைக்காசு கரையற எடம் இதுதான். லைப்ரரி புக்க ஃப்ரெண்டுகிட்ட குடுத்திருப்பீங்க, அத முதல்ல வாங்கிக் குடுங்க. ஹாஸ்டல் ரூம் சாவி, கட்டில், ஃபேன் எல்லாம் சரியா இருக்குன்னு வார்டன் கையால எழுதி வாங்குங்க, காலி பண்றப்ப ரூமை ஒரு வீடியோ எடுத்து வைங்க. மெஸ் பில் நீங்க ரூமை முறையா காலி பண்ற வரைக்கும் பல எடத்துல ஓடிக்கிட்டே இருக்கும், வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆனாலும் பேர் லிஸ்ட்ல இருந்தா சாப்பிடாத சாப்பாட்டுக்கு பில் வரும். எங்க சித்தி பையனுக்கு அப்படித்தான் நவம்பர் மாசத்துக்குப் போட்டிருந்தாங்க, அவன் வீட்டுல இருந்த மாசம் அது. பஸ் பீஸ் வருஷத்துக்குக் கட்டியிருந்தா மீதி மாசத்துக்குக் கேட்டுப் பாருங்க, யூனிஃபார்ம், புக் கிட் காசெல்லாம் கேட்டுப் பிரயோஜனமில்ல.

இப்ப பெரிய விஷயம், சர்டிபிகேட். ஒரிஜினல வாங்கி வச்சுக்கவே கூடாது, சேர்றப்ப சரிபாத்துட்டு கையிலயே திருப்பிக் குடுத்துடணும்னு அதே 2018 யூஜிசி அறிவிப்பு சொல்லுது. நம்ம பக்கம் அட்மிஷன் அன்னிக்கே பைல மொத்தமா வாங்கி உள்ள வச்சுக்கறதுதான் நடக்குது. பெத்தவங்களும் சீட் கெடச்சாப் போதும்னு குடுத்துட்டு வந்துடறாங்க. கோர்ட்டும் இதுல தெளிவா இருக்கு, சர்டிபிகேட் ஒண்ணும் சந்தையில விக்கிற பொருள் கிடையாது, பாக்கிக்காக அத அடமானம் மாதிரி பிடிச்சு வைக்க முடியாதுன்னு சென்னை ஹைகோர்ட் சொல்லியிருக்கு. பாக்கி உண்மையிலயே இருந்தா காலேஜ் அதுக்குத் தனியா சட்டப்படி கேக்கட்டும், பேப்பரப் பிடிச்சு வச்சு கேக்கக் கூடாது.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதையா பாருங்க. 2003ல சுப்ரீம் கோர்ட் இஸ்லாமிக் அகாடமி கேஸ்ல ஒரு வருஷத்துக்கு மேல பீஸ முன்கூட்டியே வாங்கக் கூடாதுன்னு சொன்னாலும், பையன் பாதியில போயிடுவான்னு நெனச்சா மீதி பீஸுக்கு பாண்டோ பேங்க் கேரண்டியோ வாங்கிக்கலாம்னும் சொல்லியிருக்கு. அதனால சேர்றப்ப ஸ்டாம்ப் பேப்பர்ல ஏதாவது கையெழுத்துப் போட்டீங்களான்னு வீட்டுல கேளுங்க, போட்டிருந்தா அதோட காப்பியக் கேட்டு வாங்கி ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு அப்புறம் பேசுங்க. மெடிக்கல் பிஜி சீட்டுல இந்த சீட்-விடுற பாண்ட் பெரிய தொகை, அங்க இந்தக் கட்டுரைய மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க.

காலேஜ் வாயால "மீதி வருஷ பீஸ கட்டு"ன்னு சொன்னா எங்க சித்தப்பா மாதிரி மலைச்சு உக்காந்துடாதீங்க, "அத எழுத்துல குடுங்க சார்"னு கேளுங்க. முக்கால்வாசி எடத்துல எழுத்துல தர மாட்டாங்க, ஏன்னா அது விதிக்கு எதிருன்னு அவங்களுக்கே தெரியும். நாங்களும் அதத்தான் கேட்டோம், தரல. உடனே நாங்க கேட்டதையும் அவங்க சொன்னதையும் தேதியோட ஒரு மெயிலா எழுதி முதல்வருக்கே அனுப்பிட்டோம். அப்புறம் காலேஜ்லயே இருக்குற மாணவர் குறைதீர் கமிட்டிக்கு எழுதினோம். 2023ல வந்த யூஜிசி விதிப்படி ஒவ்வொரு காலேஜ்லயும் இந்தக் கமிட்டி இருக்கணும், பதினஞ்சு வேலை நாளைக்குள்ள முடிவு சொல்லணும், திருப்தி இல்லன்னா அடுத்த பதினஞ்சு நாளைக்குள்ள யூனிவர்சிட்டி அளவுல இருக்குற ஆம்புட்ஸ்பர்சன்கிட்ட (மாணவர் குறைகளை விசாரிக்கற அதிகாரி) அப்பீல் போகலாம். கமிட்டிகிட்டேர்ந்து பதிலே வரல. அதுக்கப்புறம் யூஜிசியோட இ-சமாதான் போர்ட்டல்ல நானே உக்காந்து கம்ப்ளெய்ண்ட் போட்டேன், சீல் போட்ட லெட்டர், பீஸ் ரசீது, அந்த மெயில், 2018 அறிவிப்புல சம்பந்தப்பட்ட பக்கம், இந்த நாலையும் ஏத்தி, நடந்தத தேதிவாரியா பத்தே வரியில எழுதி. பிப்ரவரியில ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு, வந்து வாங்கிக்கங்கன்னு. 84,000 பத்தி ஒரு வார்த்த பேசல. சித்தப்பா பிளாஸ்டிக் கவர்ல சர்டிபிகேட்ட வச்சு சட்டைக்குள்ள சொருகிக்கிட்டுத்தான் பஸ்ல வந்தார்.

உங்களுக்கு அதுலயும் நகரலன்னா இன்னும் கதவு இருக்கு. ஆர்ட்ஸ் காலேஜ்னா அந்த மண்டலத்து கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் ஆபீஸ், இன்ஜினியரிங்னா சென்னையில தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், பொதுவா 1100க்குப் போன் போட்டா முதல்வரின் முகவரியில பதிவு பண்ணிடலாம். மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், பொண்ணுங்களுக்கும், எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கும், வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கும் வக்கீல் இலவசம், ஒரு வக்கீல் நோட்டீஸ் போனாலே பல காலேஜ் எறங்கி வந்துடும். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்கன்னு சில பேர் சொல்வாங்க, கல்வி ஒரு சர்வீஸே இல்லன்னு 2010ல சுப்ரீம் கோர்ட் சொன்னது அங்க குறுக்க வரும், அதனால நான் முதல் வழியா அதச் சொல்ல மாட்டேன்.

லோன் எடுத்துப் படிக்கிறவங்க இந்தப் பகுதிய அப்பா அம்மாவோட உக்காந்து படிங்க. எஜுகேஷன் லோன்ல பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் இஎம்ஐ கட்ட வேண்டியதில்ல. படிப்பு முடியற வரைக்கும்ங்கற கணக்குலதான் அந்த அவகாசம், பாதியில நின்னுட்டா அந்தக் காலமே சுருங்கிடும், நாலு வருஷம் கழிச்சு வர வேண்டிய இஎம்ஐ அடுத்த வருஷமே வாசல்ல நிக்கும். வட்டி பணம் ரிலீஸ் ஆன நாள்லேர்ந்தே ஓடிக்கிட்டிருக்கும். ஒரு கணக்குச் சொல்றேன், 1,50,000 பாக்கி, 10 பர்சென்ட் வட்டி, அஞ்சு வருஷத்துல கட்டறதுன்னா மாசம் கிட்டத்தட்ட 3,190 ரூபா வரும். டிகிரி இல்லாம பத்தாயிரம் பன்னெண்டாயிரம் சம்பளத்துக்குப் போற புள்ளைக்கு அது சின்னத் தொகை இல்ல.

அதோட தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மத்திய அரசோட வட்டி மானியம் இருக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கிற காலத்து வட்டிய அரசு கட்டும். நடுவுல படிப்ப நிறுத்திட்டா அது கிடையாது. விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணுதான், உடம்பு சரியில்லாம நின்னிருந்து, அதுக்கான பேப்பர காலேஜ் முதல்வர் ஏத்துக்கிட்டிருக்கணும். மேல டாக்டர் சர்டிபிகேட்ட லெட்டரோட பின் பண்ணச் சொன்னது இதுக்குத்தான். நின்னு ஆறு மாசம் கழிச்சு பழைய தேதியில சர்டிபிகேட் தேடி அலையறவங்கள நான் பாத்திருக்கேன், ட்ரீட்மெண்ட் நடக்குறப்பவே சீட்டு, ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. மனசு சம்பந்தப்பட்டதும் உடம்புதான், அதுக்கும் டாக்டர்கிட்ட போய் எழுதி வாங்கலாம், ராத்திரி தூக்கமே வரல, யார்கிட்டயும் சொல்ல முடியலன்னா 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா, நர்சிங் ரெண்டாம் வருஷம் நின்னவ. பேங்குக்கு யாரும் சொல்லல. அடுத்த செமஸ்டர் பணத்த பேங்க் வழக்கம்போல காலேஜ் அக்கவுண்ட்டுக்கு அனுப்பிடுச்சு, அவ படிக்காத செமஸ்டருக்கு அவ பேர்ல கடன் ஏறிடுச்சு. அத திருப்பி வாங்க அவங்கப்பா மூணு மாசம் ரெண்டு பக்கமும் நடந்தார். அதனால காலேஜ்ல லெட்டர் குடுத்த அன்னிக்கே அதே காப்பியோட ஒரு ஜெராக்ஸ பேங்க் பிராஞ்ச்லயும் குடுத்து சீல் வாங்கிடுங்க, இனிமே பணம் ரிலீஸ் பண்ண வேண்டாம்னு எழுதுங்க. காலேஜ்லேர்ந்து வர்ற ரீஃபண்ட் லோன் அக்கவுண்ட்டுக்கே போற மாதிரி பாத்துக்கோங்க, கையில வாங்கினா செலவாயிடும். வேற கோர்ஸ் சேரப் போறீங்கன்னா அதையும் மேனேஜர்கிட்ட முன்னாடியே எழுதிக் கேளுங்க, வேலையில்லாத காலத்துக்குக் கொஞ்சம் அவகாசம் தர்றதுக்கு பேங்குக்கு வழி இருக்கு, ஆனா கேட்டாத்தான் கிடைக்கும். கேக்காம தொண்ணூறு நாள் தவணை தவறினா வாராக்கடன்னு போட்டுடுவாங்க, லோன்ல அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார், அவர் சிபில் ஸ்கோரும் சேர்ந்து விழும், நாளைக்கு அவருக்கு ஒரு டிராக்டர் லோன் கூட கஷ்டம்.

ஸ்காலர்ஷிப் வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல வர்ற மாசம் 1,000 ரூபா, போஸ்ட் மெட்ரிக், முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 பர்சென்ட் ஒதுக்கீட்டுல அரசு கட்டற பீஸ் எல்லாமே நீங்க படிச்சுக்கிட்டிருக்கற வரைக்கும்தான். நின்ன பிறகும் அக்கவுண்ட்ல பணம் விழுந்தா அத எடுத்துச் செலவு பண்ணாம காலேஜ்ல இருக்குற ஸ்காலர்ஷிப் பொறுப்பாளர்கிட்ட எழுதிச் சொல்லிடுங்க, அடுத்த காலேஜ்ல அப்ளை பண்றப்ப சிக்கல் வரக் கூடாது.

நிக்கறதா முடிவு பண்றதுக்கு முன்னாடி பாதி வழிகளும் இருக்கு, அதையும் பாத்துடுங்க. ஒரு செமஸ்டர் மட்டும்தான் பிரச்சினைன்னா முழுசா நிக்க வேண்டியதே இல்ல. அண்ணா யூனிவர்சிட்டி இணைப்புக் காலேஜ்ல உடம்பு சரியில்லாத மாதிரி நியாயமான காரணத்துக்கு பிரேக் ஆஃப் ஸ்டடி, அதாவது படிப்புக்கு நடுவுல இடைவெளி, கேக்கலாம், முன்கூட்டியே அப்ளை பண்ணி அனுமதி வாங்கணும், சும்மா வராம இருந்தா அது பிரேக் ஆகாது. நாலு வருஷ பி.இ.ய ஏழு வருஷத்துக்குள்ள முடிக்கலாம், அந்த அளவுக்கு நேரம் இருக்கு. பரீட்சைய மட்டும் எழுத முடியாத நிலைமைன்னா, முழுப் படிப்புலயும் ஒரே ஒரு செமஸ்டருக்கு எக்ஸாம் வித்ட்ராவல் கேக்கலாம், ஆனா பரீட்சைக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும். அட்டெண்டன்ஸ் 75 பர்சென்ட் வேணும், மெடிக்கல் காரணம்னா 65 வரைக்கும் தளர்த்துவாங்க, அதுக்கும் கீழ போனா அந்த செமஸ்டரையே அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட திரும்பப் படிக்கணும், அதுக்கு மறுபடியும் பீஸ் கட்டணும். இந்த ரீடூ பீஸ் எவ்வளவுன்னு அக்கவுண்ட்ஸ்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, ஒரு மாசம் லீவு போட்டா என்ன ஆகும்ங்கறது அப்பதான் ரூபாயில தெரியும். தன்னாட்சி, டீம்டு யூனிவர்சிட்டி சிலதுல ஒரு பேப்பர மட்டும் டிராப் பண்ற வசதி உண்டு, அங்கயும் ஒரு கடைசித் தேதி இருக்கும், டிராப் பண்ண பேப்பர திரும்ப எடுக்குறப்ப தனியா பணம் கட்ட வேண்டி வரும், கேட்டுட்டு பண்ணுங்க.

ராகிங்னால நிக்கறீங்கன்னா 1800-180-5522க்குப் போன் பண்ணி முதல்ல கம்ப்ளெய்ண்ட் பதிவு பண்ணுங்க, பேர் சொல்லாமயும் பண்ணலாம். தப்பு பண்ணவங்க உள்ள இருக்க நீங்க காசையும் சீட்டையும் விட்டுட்டு வர்றது எனக்கு மனசே ஆறாது.

வர்றப்ப என்னென்ன எடுத்துட்டு வரணும்னு பாத்துடுங்க. டிசி, காண்டக்ட் சர்டிபிகேட், பத்தாவது ப்ளஸ் டூ ஒரிஜினல், எழுதின செமஸ்டர் மார்க் ஷீட், வேற யூனிவர்சிட்டிக்குப் போறதா இருந்தா மைக்ரேஷன் சர்டிபிகேட், இதோட எல்லா பீஸ் ரசீதும். ஒரு செமஸ்டர் பாஸ் பண்ணியிருந்தாலும் அந்த மார்க் ஷீட்ட விடாதீங்க, அந்த யூனிவர்சிட்டி அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்ல (பாஸ் பண்ண பாடத்துக்கான கிரெடிட்ட சேர்த்து வைக்கிற ஆன்லைன் கணக்கு) சேர்ந்திருந்தா நீங்க வாங்கின கிரெடிட் ஏழு வருஷம் வரைக்கும் உங்க ஐடியில இருக்கும். டிசியில நின்ன தேதி லெட்டர்ல இருக்கற தேதியோட ஒத்துப் போகுதான்னு கவுண்டர்லயே நின்னு படிங்க, பேர்ல இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் பாருங்க. வெளிய வந்தபிறகு திருத்தணும்னா இன்னொரு நாள் பஸ் செலவு, இன்னொரு லெட்டர்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் கலர்ல ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, ப்ளஸ் டூ மார்க் ஷீட்ட டிஜிலாக்கர்லயும் எறக்கிடுங்க. ரீஃபண்டுக்கு லெட்டர் தேதியிலேர்ந்து பதினாறாவது நாள காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, அன்னிக்குக் காலையில அக்கவுண்ட்டப் பாத்துட்டு, வரலன்னா அன்னிக்கே ரெண்டாவது மெயில் போடுங்க, சீல் போட்ட காப்பிய கூடவே வச்சு.